இரண்டு விரலால் ஒரு பெயர்

“...மத்ததெல்லாம் கேக்கட்டுங்க்கா. எந்த ஊரு, எந்த ஸ்கூலு, இன்னா வேலை, அம்மா கீதா இல்லியா, எல்லாத்தையும் சொல்லுவேன். பேரு கேட்டாத்தான் இன்னா சொல்றதுன்னு தெரியல.”

இதை அவன் வாயால் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்தே அவனுக்குக் காது கேட்காது, வாய்ப்பேச்சும் கிடையாது. அண்ணனூர் ஸ்டேஷனை ஒட்டி இருந்த என் சைக்கிள் ஸ்டாண்டில், டியூப்லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டு, கையால் சொன்னான். தமிழ் என்னுடையது. ஆனால் அவன் கையை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டால் இப்படித்தான் வரும். வெள்ளானூரில் பிறந்து வளர்ந்த கை வேறு எப்படிப் பேசும்?

ரேஷன் கார்டில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவன் ஒரு தடவைகூடக் கேட்டிராத பெயர். அவன் பெயர் வேறு.

காது கேளாதவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு கைப்பெயர் வைத்துக்கொள்வார்கள். உடம்பில் இருக்கிற ஓர் அடையாளமோ, ஓயாமல் செய்கிற ஒரு காரியமோ, அதைப் பார்த்து மற்றவர்கள் வைப்பார்கள். கன்னத்தில் மச்சம் இருப்பவளென்றால், கன்னத்தில் ஒரு விரலை வைத்தால் போதும், அது அவள் பெயர். தனக்குத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது. இவன் படித்த விடுதியில் இவனுக்கு வைத்த பெயர், இரண்டு விரலை நெற்றியில் வைத்து உச்சந்தலை வரைக்கும் சீப்புப் போல இழுப்பது. ஏனென்றால் இவன் சீப்பு இல்லாமல் இருந்ததே இல்லை. நல்ல அடர்த்தியான முடி. சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் சீப்பு. ஸ்டாண்டில் சைக்கிளை எடுத்ததும் முதல் வேலை தலை சீவுவது, இரண்டாவது வேலைதான் டோக்கன் கொடுப்பது.

அவன் சைக்கிளில் இரண்டு பக்கமும் கண்ணாடி இருக்கும். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் தெரியாதல்லவா, அதற்காக. எதிர் டீக்கடைக்காரர் அதைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னாக்கா, மாப்ள ஊர்கோலம் கெளம்பிட்டாரா?” என்பார். நான் அதைக் கையால் இவனுக்குச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. “ஒரு கண்ணாடி லாரிக்கு, ஒரு கண்ணாடி எனக்கு” என்று பதில் சொன்னான். டீக்கடைக்காரருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பிறகு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் தானே சொன்னது மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கும் அவன் ஒரு பெயர் வைத்தான். கட்டை விரலையும் மற்ற நாலு விரலையும் வாத்து வாய் மாதிரி படபடவென்று சேர்த்துச் சேர்த்துப் பிரிப்பது. வாயாடி. நான் பேசுவது அவனுக்குக் கேட்காது, ஆனால் என் வாய் நிற்காமல் ஆடுவது ரோட்டிலிருந்தே தெரியுமாம். எனக்குப் பெருமைதான். அரசாங்கம் பட்டம் கொடுத்தால்கூட இவ்வளவு பொருத்தமாகக் கொடுக்காது.

அவன் பேச்சை நான் கற்றுக்கொண்டதும் அந்த வாயால்தான். காலை ரயில்கள் போன பிறகு ஸ்டாண்டில் சைக்கிள்களோடுதான் பேச வேண்டும். என் வீட்டுக்காரர் ஷிப்டு முடித்து வந்தால் சாப்பாட்டுத் தட்டைத்தான் பார்ப்பார். பேச ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்தவள் நான், பேச ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்தவன் அவன். ரயில், மழை, சம்பளம், பொய்க்காரன், அப்படி ஒவ்வொன்றாகக் கற்றுக் கொடுத்தான். நான் தப்பாகக் காட்டினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். ஒருமுறை “சாப்பிட்டாயா” என்று கேட்பதாக நினைத்து என்னவோ கேட்டுவிட்டேன். என்ன கேட்டேன் என்பதைக் கடைசிவரை அவன் சொல்லவில்லை.

வெள்ளானூரில் அக்கா வீட்டில் இருந்தான். அம்மா அப்பா இல்லை. அந்த அக்கா நல்லவள், உழைப்பாளி. ஆனால் அந்த வீட்டில் அவனுக்கென்று இருந்த பேச்சு மூன்றோ நான்கோதான். சாப்பிடு. போ. வா. படு. “எங்க ஊட்ல எனக்கு நாயைவிட ஒரு வார்த்தை ஜாஸ்தி” என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான்.

அவன் சொன்னவற்றை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, மனசில் அப்படியே கிடக்கிறது. “காது இருக்கறவன் கண்ணைப் பூட்டி வெச்சிருக்கான்” என்பான். கரண்ட் போனால், “நீங்க இருட்டுலயும் பேசுவீங்க. இருட்டுல நான் வெறும் கை” என்பான். அதற்காகத்தான் அவன் எப்போதும் டியூப்லைட்டுக்கு நேர் கீழே நிற்பான். பேச்சு நடுவில் விளக்கு போய்விட்டால் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வான். போய்விடாதே, பேச்சு முடியவில்லை என்று அர்த்தம். விளக்கு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் அவனுக்கு வேலை. தகடு வெட்டும் பிரஸ் மெஷின். அந்தச் சத்தத்தில் மற்றவர்கள் நிற்க முடியாது என்பதால் முதலாளி இவனை அங்கே போட்டிருந்தார். “நீ குடுத்து வெச்சவன்டா” என்று முதுகைத் தட்டுவாராம். இவன் என்னிடம் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, “விரல் போனா எனக்கு நாக்கு போன மாதிரி. அதை யாரு குடுத்து வெப்பா?” என்பான்.

விரல் போனவன் ஒருவனை அவனுக்குத் தெரியும். அவனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளானூர்க்காரன் ரயிலேற வேண்டுமென்றால் ஆவடிதான் பக்கம். இவன் அதைத் தாண்டி, சுற்றிக்கொண்டு வந்து அண்ணனூரில் சைக்கிளை நிறுத்துவான். ஏன் இந்த வீண் மிதி என்று எனக்கு நெடுநாள் புரியவில்லை. பிறகு ஒரு மாலை பார்த்தேன். அம்பத்தூரிலிருந்து யூனிட் வண்டியில், அதாவது லோக்கல் ரயிலில், வந்து இறங்கினான். தண்டவாளம் தாண்டி என் ஸ்டாண்டுப் பக்கம் வந்தான். வந்தவன் சைக்கிளை எடுக்காமல், வேலியோரம் நின்று எதிர்ப் பிளாட்பாரத்தைப் பார்த்துக் கையால் பேசத் தொடங்கினான். அங்கே ஒரு பையன், இவன் வயதுதான், ஆவடிக்குப் போக நின்றிருந்தவன், பதில் பேசினான். நடுவில் ரயில் வந்தால் இரண்டு பேரும் நிறுத்துவார்கள். ரயில் போனதும் தொடர்வார்கள். காது கேட்கிற நாம் ஒருவருக்கொருவர் கத்தினாலும் அந்தத் தண்டவாளத்தைத் தாண்டாது. அவர்களுக்கு அது பக்கத்து நாற்காலி.

அந்தப் பையனும் காது கேளாதவன். அப்பா ஆவடியில் வேலை பார்த்தார், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். அண்ணனூரில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்தபோது அவனுக்கு இடது கைச் சுண்டுவிரல் போய்விட்டது. அதனால் அவன் பேச்சில் ஒரு தடங்கல் இருக்கும். “திக்குவான்” என்று இவன் எனக்கு விளக்கினான்.

கொஞ்ச நாள் கவனித்த பிறகு எனக்கு ஒன்று தெரிந்தது. இவன் அந்தப் பையனோடு பேசும்போது மட்டும் தன் இடது சுண்டுவிரலை மடக்கிக்கொள்வான். என்னிடம் பேசும்போது பத்து விரலும் பேசும். அவனிடம் ஒன்பதுதான்.

“ஏன்டா மடக்கற?” என்று கேட்டேன்.

“அவன் திக்கறப்ப நான் மட்டும் சரளமா பேசுனா நல்லாவா இருக்கும்?” என்றான்.

சிநேகிதம் இவ்வளவு அழகா என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வைத்துக் காட்டினான். ஜோடி. அதற்குப் புருஷன் பெண்சாதி என்று அர்த்தம், அவனே எனக்குச் சொல்லிக் கொடுத்தது. நான் சரியாகத்தான் பார்த்தேனா என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே காட்டினான், முகத்தைப் பார்த்துக்கொண்டே. என் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கிறான் என்பது தெரிந்தது. எனக்கு அந்த வயதில் அப்படி ஒன்று உண்டென்றே தெரியாது. ஆனால் மடக்கிய விரலைப் பார்த்த பிறகு வேறென்ன சொல்வது? “சரி, டீ குடிக்கறியா?” என்று கேட்டேன். அவ்வளவுதான். அவன் ரொம்ப நேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

“பக்கத்துல போய் நின்னு பேசறதுக்கென்ன?” என்று இன்னொரு நாள் கேட்டதற்கு, “பக்கத்துல நின்னா ஊரு பாக்கும். எதிர்ல நின்னா ஊருக்கு நாங்க ரெண்டு ஊமை, அவ்ளோதான்” என்றான். குவார்ட்டர்ஸ் ஆட்கள் அந்த ரயிலில்தான் போவார்கள். அந்தப் பையன் அப்பாவுக்குப் பயந்தவன். அதனால் அத்தனை ஜனத்துக்கு நடுவில், அத்தனை வெளிச்சத்தில், ஒருவருக்கும் தெரியாமல் அவர்கள் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது.

இதற்கிடையில் அவன் அக்கா பெண் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டாள். திருநின்றவூர்ப் பக்கம். “நீயும் வாக்கா, உன் பாஷைதான் அவனுக்கு ஏறுது” என்று என்னையும் இழுத்துப் போனாள். பெண்ணுக்குக் காது நன்றாகக் கேட்கும். வசதி இல்லாத வீடு, அதனால் தலையாட்டியிருந்தார்கள். பஜ்ஜி வந்தது, பெண் வந்தாள், எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

“பொண்ணு புடிச்சிருக்கான்னு கேளுமா” என்றார் பெண்ணின் அப்பா.

கேட்டேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, கூடத்தில் அத்தனை பேர் முன்னாலும் நிதானமாகப் பேசினான். “இந்தப் பொண்ணு பாவம்க்கா. வெளக்கை அணைச்சா இவளாண்ட நான் பேச முடியாது. வெளக்கு எரிஞ்சாலும் பேசறதுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு ஜோடி கீது. உனக்குத் தெரியும். அக்காவாண்ட நீயே சொல்லிடேன்.” சொல்லும்போது சுண்டுவிரல் மடங்கியிருந்தது.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். என் வாய் வாழ்க்கையில் முதல்முறையாக மூடிக்கொண்டது. பிறகு, “பொண்ணு தங்கமாம். தான் தகரமாம். வேணாங்கறான்” என்றேன்.

“இம்மாம் நேரம் கைய ஆட்னான், இத்தத்தான் சொன்னானா?”

“அதுல பாதி மரியாதை, நைனா.”

பெண் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திரும்பி ஸ்டேஷனுக்கு நடந்து வருகிறபோது அவன் அக்கா, “நீ எதையோ முழுங்கிட்டக்கா” என்றாள். “நாலு பஜ்ஜி” என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவன் முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான், கண்ணாடியில் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் கடைசி விளக்குக்குக் கீழே காது கேளாதவர்கள் கூடுவார்கள். பூந்தமல்லியிலிருந்து, திருவள்ளூரிலிருந்தெல்லாம் வருவார்கள். அங்கே அவர்களுக்கு டிக்கெட்டும் தேவையில்லை, காரணமும் தேவையில்லை. வாரம் முழுவதும் வீட்டிலும் பட்டறையிலும் மடக்கி வைத்த பேச்சை அங்கே வந்து அவிழ்ப்பார்கள். என்னை ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டினான். எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதால் வட்டமாகத்தான் நிற்பார்கள். இவனைப் பார்த்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு விரலால் தலையைச் சீவினார்கள். இவன் முகத்தில் அன்றைக்கு இருந்த களையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. கல்யாண வீட்டுக்குள் மாப்பிள்ளை நுழைவது மாதிரி நுழைந்தான்.

தப்பு ஒன்று செய்தான். அவனைப் போன்றவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. காது கேட்கிறவர்கள் ரகசியம் பேசும்போது சுற்றும் முற்றும் பார்ப்பார்கள். இவனுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அண்ணனூரில் நின்றால் யாருக்கும் தன் கை புரியாது என்று அத்தனை வருஷமாகப் பழகிவிட்டது. ஒரு மாலை எதிர்ப் பிளாட்பாரத்தில், அந்தப் பையனுக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட தையல்காரர், ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் மூத்தவர். யாருக்கோ தைத்த துணி கொடுக்க வந்தவர். இவன் அவரை ஜனத்தோடு ஜனமாக நினைத்து, பையனைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தான். உன் மடியில் தலை வைத்துப் படுக்க வேண்டும் என்கிற மாதிரி ஏதோ. பையனின் முதுகுதான் அவருக்குத் தெரிந்தது; இவன் கையை அவர் ரயில் வரும்வரை உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆவடி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு அந்தப் பிளாட்பாரத்துக்கு வந்தேன். தற்செயல்தான். இவன் அப்போதுதான் வட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான், சீவிய தலையோடு. யாரும் தலையைச் சீவிக் காட்டவில்லை. தையல்காரர் ஒரு அடி முன்னால் வந்து, இரண்டு உள்ளங்கையையும் குறுக்காக வைத்து ஒரு தட்டுத் தட்டினார்.

அது எப்படிப்பட்ட தட்டு என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆண்பிள்ளை இல்லை என்று ஒருவனைக் கேலி செய்யத் தட்டுவது. அப்படித் தட்டிப் பிழைக்கிறவர்கள் என் ஸ்டாண்டுக்கும் வந்து திருஷ்டி கழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் தட்டினால் அதில் ஒரு மிடுக்கு இருக்கும். இதில் எச்சில் இருந்தது. அவர் இவனைக் காட்டித் தட்டினார், மறுபடி காட்டித் தட்டினார். இனிமேல் இதுதான் இவன் பெயர் என்று வட்டத்துக்குச் சொல்கிறார். ஒவ்வொருவராகத் தட்டினார்கள். அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் வைக்கிற பெயர்களிலேயே காதுக்குக் கேட்கிற பெயர் அது ஒன்றுதான். பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நாலு பேர் சிரித்தார்கள்.

அந்தப் பையனும் வட்டத்தில்தான் நின்றிருந்தான். இவன் வேறு யாரையும் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தான். அவன் தன் செருப்பைப் பார்த்தான், தையல்காரரைப் பார்த்தான். பிறகு அவனும் தட்டினான். ரொம்ப மெதுவாக. மெதுவாகத் தட்டினால் வலி குறையும் என்பது காது கேட்கிறவர்களின் கணக்கு. கண்ணால் வாங்கிக்கொள்கிறவனுக்கு மெதுவும் பலமும் ஒன்றுதான்.

இவன் கையைத் தூக்கி ஏதோ சொல்லத் தொடங்கினான். வட்டம் கொஞ்சம் நகர்ந்து மூடிக்கொண்டது. எல்லார் முதுகும் இவன் பக்கம். காது கேட்கிறவனுக்கு முதுகைக் காட்டினாலும் அவன் பேச்சு வந்து விழுந்துவிடும். இவனுக்கு அதோடு முடிந்தது. முதுகுகளைப் பார்த்து அவன் கை இன்னும் கொஞ்ச நேரம் பேசியது. நான் காய்ப்பையை வைத்துவிட்டு ஓடிப் போய்த் தோளைத் தொட்டேன். அவன் என் பெயரைக்கூடக் கையால் காட்டவில்லை. ரயில் வந்தது, ஏறினோம்.

மறுநாள் மொட்டைத் தலையோடு வந்தான். டீக்கடைக்காரர், “இன்னாப்பா, திருப்பதியா? லட்டு எங்க?” என்றார். இவன் பையிலிருந்த சீப்பை எடுத்து என் மேஜை மேல் வைத்தான். “வெச்சிக்கோ” என்றான். “யாராவது நான் தலை சீவறதைப் பாத்தா, இன்னும் அந்தப் பேரையே பிடிச்சிகினு கீறான்னு சிரிப்பாங்க.” அதன் பிறகு முடி வளர்க்கவே இல்லை.

அந்தத் தட்டு வெள்ளானூர் வரைக்கும் போய்விட்டது. பேச்சு புரியாதவனுக்கும் தட்டு புரியுமே. தெருவில் இவன் போனால் எவனாவது பின்னால் தட்டுவான். அவன் அக்கா என் ஸ்டாண்டுக்கு வந்து அழுதாள். “நல்லவேளக்கா, அவனுக்குக் காது கேக்கல. அது ஒண்ணுதான் கடவுள் பண்ண நல்லது” என்றாள். சைக்கிளில் இரண்டு கண்ணாடி இருப்பதை அவள் மறந்துவிட்டாள்.

நான் ஒருநாள் தூசி போக இரண்டு கையையும் தட்டினேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, அன்றிலிருந்து புடவையில்தான் துடைத்துக்கொள்கிறேன். கோயில் பஜனை, கொசு அடிப்பது, கடைக்காரர் மாவைத் தட்டுவது, ஊரே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பையன் அண்ணனூர் வேலையை விட்டுவிட்டான். திருநெல்வேலியில் கல்யாணம் செய்து வைத்தார்கள். ஒருமுறை ஆவடி மார்க்கெட்டில் பெண்சாதியோடு எதிரில் வந்தானாம். இவன் கையைத் தூக்கியிருக்கிறான். அவன் நின்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டானாம். “ஓடியிருந்தாக்கூட பரவால்லக்கா. கண்ணை மூடிகினா கதவு சாத்துன மாதிரி. நான் வெளிய நின்னு இன்னா பண்றது?” என்றான். சொல்லும்போது பார்த்தேன், சுண்டுவிரல் இன்னும் மடங்கித்தான் இருந்தது.

ஆவடிதான் பக்கம் என்றாலும் அவன் தொடர்ந்து அண்ணனூருக்கே வந்தான். இப்போது எனக்காக. என்னோடு பேசினால் அவனுக்கு எவ்வளவு போதும்? “உன் பேச்சு மழலை” என்று அவனே சொல்வான். குழந்தையோடு எவ்வளவு நேரம் பெரியவர்கள் பேச முடியும்? சில மாலைகளில் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, கைப்பிடிக் கண்ணாடியைப் பார்த்துச் சின்னதாகக் கையை அசைத்துக்கொண்டிருப்பான். முதலில், தலை சீவிய பழைய ஞாபகத்தில் நிற்கிறான் என்று நினைத்தேன். பிறகு புரிந்தது, பேசிக்கொண்டிருக்கிறான். நான் பார்த்துவிட்டதைப் பார்த்து, “இவன் ஒருத்தன்தான் கண்ணை மூடறதில்ல” என்றான். வருஷங்கள் போயின. என் ஸ்டாண்டில் சைக்கிள் குறைந்து மொபெட் வந்தது. அவன் மட்டும் அதே இரட்டைக் கண்ணாடியோடு.

அப்போதுதான் புதியவன் ஒருவன் வந்தான். மதுரைப் பக்கத்து ஆள் என்று பிறகு தெரிந்தது, லேத் பட்டறை வேலைக்காக வந்து சித்தி வீட்டில் தங்கியிருந்தான். சாயங்காலம் எதிர்ப் பிளாட்பாரத்தில் நிற்பான். ரயில் வரும்போது மற்றவர்கள் எல்லாம் சத்தத்துக்குத் திரும்ப, அவன் தரை அதிர்ந்த பிறகு திரும்புவான். இவன் அதைப் பார்த்துவிட்டான். பார்த்தும் பார்க்காத மாதிரி நாலைந்து நாள் இருந்தான்.

விளக்கு வைக்கிற நேரம். இவன் கண்ணாடியைப் பார்த்துக் கையை அசைப்பதை அந்தப் புதியவன் அங்கிருந்து பார்த்துவிட்டான். கைக்குட்டையை எடுத்துத் தலைக்குமேல் வீசினான். இவன் நிமிர்ந்தான். “நீயும் காது கேக்காதவனா?” என்று அவன் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான். எத்தனை வருஷம் கழித்து அந்த வழியாக ஒரு பேச்சு வருகிறது! இவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஓடி வந்து என் டியூப்லைட்டுக்குக் கீழே நின்றான். அப்போது சொன்னதுதான் நான் முதலில் எழுதியது. மற்றதெல்லாம் கேட்கட்டும், பேர் கேட்டால்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று.

“பழைய பேரைச் சொல்லேன்டா” என்றேன்.

“ஞாயித்துக்கெழம அவன் வெளக்காண்ட போவான். போவாம இருப்பானா? சீப்பைப் பாத்தேன்னு சொல்லுவான். அவங்க சிரிப்பாங்க. அது இல்ல, இதுன்னு தட்டிக் காட்டுவாங்க. அப்புறம் இவனும் கண்ணை மூடிக்குவான்.”

“அப்ப புதுசா ஒண்ணு சொல்லு.”

“நாமளே வெச்சிக்கக் கூடாதுக்கா. அது பேரு இல்ல, பொய்யி.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப பேசாமலே கெட” என்றேன், வாயாலும் கையாலும்.

அவன் என்னைப் பார்த்தான். “அத்தத்தான செஞ்சிகினு கீறேன்” என்றான்.

சைக்கிள் பூட்டைத் திறந்தான், ஸ்டாண்டை விட்டுத் தள்ளினான். எதிரே அந்தப் புதியவன் பிளாட்பாரத்தின் விளிம்புக்கு வந்து, நெஞ்சில் விரல் வைத்து, இவனைக் காட்டி, கேட்டான். பெயர் என்ன? நடுவில் யூனிட் வண்டி வந்து நின்றது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள், அவன் தெரியவில்லை. அது ஆவடி வண்டி, அவன் ஏற வேண்டிய வண்டி. இவன் சைக்கிள் மேல் ஒரு காலைப் போட்டுக்கொண்டு நின்றான். கண்ணாடியில் பார்க்கவில்லை, நேராக வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டி போனது. அவன் ஏறவில்லை. அங்கேயே நின்று, இவன் சரியாகப் பார்க்கவில்லையோ என்று, இன்னும் பெரிதாக மறுபடி கேட்டான். பெயர் என்ன?

இவன் காலை எடுத்தான். சைக்கிளை என் மேஜையில் சாய்த்துவிட்டு, வெளிச்சம் முகத்தில் விழுகிற இடமாகப் பார்த்து நகர்ந்து நின்றான். பிறகு இரண்டு விரலை நெற்றியில் வைத்து, முடியே இல்லாத தலையில், உச்சிவரைக்கும் மெதுவாக இழுத்தான்.